முதலில் பதிவு எண், பிறகு முனைவர் பட்டம்

மதுரையை அடுத்த ஒரு சிற்றூரிலிருந்து 28 வயது வாசகி ஒருவர் நீளமான கடிதம் அனுப்பியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

கல்லூரிக்குப் போய் முழுநேரமாக எம்.எஸ்சி. உளவியல் படித்தவர், 61 சதவீத மதிப்பெண். நான்கு ஆண்டுகளாகப் பகலில் ஒரு போதை மீட்பு மையத்தில் ஆலோசகர் வேலை. மாலையில் ஒரு மனநல மருத்துவரின் கிளினிக்கில் குழந்தைகளுக்கு ஐ.க்யூ. டெஸ்ட் எடுத்து, அறிக்கை எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொடுக்கிறார். கிளினிக்கல் சைக்காலஜியில் முனைவர் பட்டம் வாங்கி, சொந்த ஊரிலேயே "டாக்டர், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்" என்று போர்டு வைத்து உட்கார வேண்டும் என்பது ஆசை. எம்.ஃபில். படிப்பை எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும், இனி பிஎச்.டி. ஒன்றுதான் வழி என்ற முடிவுக்கு வந்துவிட்டார். இதற்குள் ஒரு ஏஜென்சி, மூன்று லட்சம் கொடுத்தால் பகுதிநேரப் பதிவு, தீசிஸ், கட்டுரை எல்லாவற்றையும் தாங்களே முடித்துத் தருவதாகச் சொல்லி, 'மதுரை மாவட்டக் கல்லூரி மாணவர்களிடையே மன அழுத்தமும் சுயமதிப்பும்' என்று ஒரு தலைப்பையும் கையில் கொடுத்திருக்கிறது. அமெரிக்காவில் இருக்கும் அக்கா வீட்டுக்காரரோ, அங்கே சைடி (PsyD, சிகிச்சைப் பயிற்சியை முதன்மையாகக் கொண்ட உளவியல் முனைவர் பட்டம்) படிக்கலாம், வீட்டுப் பத்திரத்தை வைத்து 60 லட்சம் கடன் வாங்கினால் போதும் என்கிறார். வீட்டில் கல்யாணப் பேச்சும் ஓடுகிறது. இளங்கலை படிக்கும்போது மனச்சோர்வுக்கு எட்டு மாதம் மாத்திரை சாப்பிட்டதை விண்ணப்பத்தில் எழுதலாமா, எழுதினால் தகுதி போய்விடுமா என்பது கடைசிக் கேள்வி.

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் கேட்டவை ஐந்தாறு கேள்விகள். அவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு தவறான கணக்கு இருக்கிறது. அதைச் சரிசெய்தால் பாதிக் கேள்விகள் தாமாகவே விழுந்துவிடும். பிஎச்.டி. முடித்தால் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆகிவிடலாம் என்று நினைக்கிறீர்கள். ஆக முடியாது. பல்கலைக்கழகம் தரும் பிஎச்.டி. ஆராய்ச்சிப் பட்டம். தலைப்பில் 'கிளினிக்கல்' என்ற சொல் இருந்தாலும், நோயாளியைப் பரிசோதித்துச் சிகிச்சை தர அது உரிமை தராது. அந்த உரிமை, இந்திய மறுவாழ்வுக் கவுன்சில், அதாவது ஆர்சிஐ, அங்கீகரித்த படிப்பை முடித்து அதன் மத்தியப் பதிவேட்டில் பெயர் ஏறினால்தான் வரும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் யார் என்பதை இப்படித்தான் வரையறுக்கிறது: ஆர்சிஐ அங்கீகரித்த நிறுவனத்தில் பெற்ற தகுதி, அல்லது உளவியல் முதுகலைக்குப் பின் மேற்பார்வையுடன் கூடிய மருத்துவப் பயிற்சி அடங்கிய, ஆர்சிஐ அங்கீகாரம் பெற்ற இரண்டாண்டு முழுநேர எம்.ஃபில். அந்த வரையறையில் பிஎச்.டி. என்ற சொல்லே கிடையாது.

ஆறு ஆண்டு உழைத்து முனைவர் பட்டம் வாங்கிய பிறகும் போர்டில் "கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்" என்று எழுத முடியாதவர்கள் இருக்கிறார்கள். பட்டம் உண்மையானதுதான், 'முனைவர்' என்று போட்டுக்கொள்ளலாம், கல்லூரியில் பாடம் எடுக்கலாம், ஆராய்ச்சி செய்யலாம். ஆனால் நீங்கள் கேட்பது ஊரில் உட்கார்ந்து நோயாளிகளைப் பார்க்கும் வாழ்க்கை. அதற்கு வரிசை வேறு: பதிவு எண் முதலில், முனைவர் பட்டம் அதற்குப் பிறகு.

மாலை வேலையை இந்த மாதமே சரிசெய்யுங்கள்

மேற்படிப்புக்கு முன் இதைச் சொல்லியாக வேண்டும். கிளினிக்கில் நீங்கள் ஐ.க்யூ. அறிக்கையில் கையெழுத்திடுவது ஆபத்தானது. 1992ஆம் ஆண்டின் ஆர்சிஐ சட்டம், 13ஆம் பிரிவு, பதிவேட்டில் இல்லாதவர் மறுவாழ்வு வல்லுநராகத் தொழில் செய்வதைத் தடுக்கிறது. மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் அந்தப் பட்டியலில் உண்டு. "டாக்டர்தான் எடுக்கச் சொன்னார்" என்பது உங்களைக் காப்பாற்றாது, ஏனென்றால் கையெழுத்து உங்களுடையது.

தண்டனையைவிட எனக்குக் கவலை தருவது அந்தக் குழந்தைகள். பினே-காமத் டெஸ்டோ வைன்லேண்ட் அளவுகோலோ எடுத்து நீங்கள் கொடுத்த தாளை எடுத்துக்கொண்டு, மாற்றுத்திறனாளி சான்றிதழுக்காக ஒரு தாய் ராஜாஜி அரசு மருத்துவமனைக்குப் போனால், பதிவு எண் இல்லாத அறிக்கை செல்லாது என்று திருப்பி அனுப்பிவிடலாம். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து அலைய வேண்டியவர் அந்தத் தாய்தான்.

மருத்துவரிடம் நேராகப் பேசுங்கள். பெற்றோரிடம் விவரம் கேட்டு எழுதுவது, பின்தொடர்வது போன்ற வேலைகளைத் தொடரலாம். டெஸ்ட் எடுப்பதென்றால் பதிவு பெற்ற ஒருவர் கூடவே இருந்து மேற்பார்வையிட்டு, அவரே அறிக்கையை எழுதிக் கையெழுத்திட வேண்டும். நீங்கள் எடுத்து முடித்த டெஸ்டில் முகம் பார்க்காத ஒருவர் கையெழுத்து மட்டும் போடும் ஏற்பாட்டுக்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். போதை மீட்பு மையத்தில் ஆலோசகராக, அந்தப் பெயரிலேயே, செய்யும் வேலைக்கு இந்தச் சிக்கல் இல்லை. அதை விடாதீர்கள், நாளைக்கு உங்கள் விண்ணப்பத்துக்கு உயிர் கொடுக்கப்போவது அதுதான்.

எம்.ஃபில். போன பிறகு என்ன இருக்கிறது

நீங்கள் கேள்விப்பட்டது பாதி உண்மை. பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யுஜிசி, 2022 நவம்பரில் வெளியிட்ட பிஎச்.டி. விதிமுறைகள் எம்.ஃபில். படிப்பை நிறுத்தின. ஆனால் மனநலப் பணிக்கு ஆள் பற்றாக்குறை என்பதால் கிளினிக்கல் சைக்காலஜிக்கும் சைக்கியாட்ரிக் சோஷியல் ஒர்க்குக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை புதுச் சேர்க்கையை அனுமதித்தார்கள். ஏற்கெனவே வாங்கிய எம்.ஃபில். செல்லும். ஆகவே கதவு மூடவில்லை. கதவின் பெயர் மாறுகிறது. ஆர்சிஐ இப்போது எம்.ஏ. கிளினிக்கல் சைக்காலஜி, சைடி ஆகிய படிப்புகளுக்கு நிறுவனங்களை அங்கீகரிக்கிறது. இப்படி மாறும் காலத்தில் தரகர்களுக்குக் கொண்டாட்டம். அதனால் எந்த நிறுவனத்தில் பணம் கட்டுவதற்கு முன்னும் மூன்று விஷயங்களைக் காகிதத்தில் பாருங்கள்.

முதலாவது, ஆர்சிஐ இணையதளத்தில் மாநிலவாரியாக இருக்கும் அங்கீகாரப் பட்டியலில் அந்த நிறுவனமும் அந்தப் படிப்பும் சேர்ந்து இருக்கிறதா. ஒரே நிறுவனத்தில் சிறப்புக் கல்விப் படிப்புக்கு அங்கீகாரம் இருந்து கிளினிக்கல் சைக்காலஜிக்கு இல்லாமல் இருக்கலாம். "நாங்க ஆர்சிஐ அப்ரூவ்டு" என்று அவர்கள் சொல்வது பொய்யாக இருக்காது, ஆனால் உங்களுக்குப் பயன்படாது.

இரண்டாவது, அங்கீகாரம் எந்தக் கல்வியாண்டு வரை. இது குறிப்பிட்ட ஆண்டுகளுக்குத் தரப்பட்டுப் புதுப்பிக்கப்படுவது. நீங்கள் சேரும் ஆண்டு அதற்குள் வராவிட்டால், படித்து முடித்த பிறகு பதிவுதான் நின்றுபோகும். "புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறோம், வந்துவிடும்" என்ற வாய்ச்சொல்லை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

மூன்றாவது, படிப்பை முடித்தால் பதிவேட்டில் எந்தப் பிரிவில் பெயர் ஏறும். ரீஹேபிலிட்டேஷன் சைக்காலஜிஸ்ட் தனிப் பிரிவு. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் தனிப் பிரிவு. இதை மின்னஞ்சலில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சேர்க்கை பெரும்பாலும் நுழைவுத்தேர்வும் நேர்முகமும். ஆசிரியர் எண்ணிக்கையைப் பொறுத்தே இடங்கள் என்பதால் எங்கும் குறைவு. பெங்களூருவின் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் ஒன்றையே நம்பி ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறவர்கள் உண்டு. நீங்கள் சென்னை, புதுச்சேரி, கேரளம், ஹைதராபாத் என்று பட்டியலைப் போட்டு ஒரே பருவத்தில் ஐந்தாறு இடங்களுக்கு எழுதுங்கள். இந்தப் படிப்புகள் முழுநேரம். காலையில் வார்டு, மதியம் டெஸ்ட், இரவில் கேஸ் ரெக்கார்டு என்று போகும். வேலையை வைத்துக்கொண்டு படிக்க முடியாது. இரண்டு ஆண்டுக்கான சாப்பாடு, தங்கும் செலவை முன்கூட்டியே ஒதுக்குங்கள்.

இவ்வளவு பாடுபட்டு வாங்கும் அந்த எண் எதற்கு ஆகும்? தமிழ்நாட்டில் மாவட்ட மனநலத் திட்டத்தில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் பணியிடம் உண்டு. மருத்துவமனைகள், மறுவாழ்வு மையங்கள், சொந்த கிளினிக் எல்லாவற்றுக்கும் அதுதான் நுழைவுச்சீட்டு.

ஏஜென்சி தரும் பிஎச்.டி.

வேண்டாம். ஒழுக்க உபதேசமாகச் சொல்லவில்லை; கணக்குப்படியே இது நஷ்டம்.

2022 விதிமுறைப்படி பிஎச்.டி.க்குக் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு; அதற்கு மேல் இரண்டு ஆண்டு நீட்டிப்பு, பெண்களுக்கு இன்னும் இரண்டு. கோர்ஸ் ஒர்க் குறைந்தது 12 கிரெடிட். ஒவ்வொரு செமஸ்டரும் ஆய்வு ஆலோசனைக் குழு முன் நின்று என்ன செய்தீர்கள் என்று காட்ட வேண்டும். கடைசியில் இரண்டு வெளித் தேர்வாளர்கள் படிப்பார்கள், பிறகு வைவா. ஏஜென்சி இதில் எந்த நாற்காலியிலும் உங்களுக்குப் பதிலாக உட்கார முடியாது. அவர்கள் எழுதித் தரும் தீசிஸ், பத்துப் பேருக்குக் கொடுத்ததை ஊர் பெயர் மாற்றித் தருவதாகவே பெரும்பாலும் இருக்கும். யுஜிசியின் 2018 கருத்துத்திருட்டு விதிப்படி, ஒற்றுமை 10 சதவீதத்தைத் தாண்டினால் திருத்தி மறுபடி சமர்ப்பிக்க வேண்டும். 40ஐத் தாண்டினால் ஓராண்டுத் தடை. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. பட்டம் வாங்கிய பிறகு கண்டுபிடித்தாலும் நடவடிக்கை உண்டு. ஆளைப் பிடிக்க அவர்கள் சொல்லும் இன்னொரு வாசகம், "ஜர்னல் கட்டுரை கட்டாயம், அதையும் நாங்களே போட்டுத் தருகிறோம்" என்பது. தீசிஸ் சமர்ப்பிக்கக் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்ற யுஜிசி கட்டாயம் 2022இல் போய்விட்டது. பல்கலைக்கழகத்துக்குச் சொந்த விதி இருக்கலாம்; அதைப் பல்கலைக்கழகத்திடமே கேளுங்கள்.

நேர்வழி அவ்வளவு கடினமும் இல்லை. முதுகலையில் 55 சதவீதம் தேவை. இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 சதவீதத் தளர்வு. உங்களிடம் 61 இருக்கிறது. எம்.ஃபில். தேவையில்லை. நெட் தேர்வில் 2024 ஜூன் முதல் மூன்று தரம்: ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை, உதவிப் பேராசிரியர், பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும். முதல் தாள் 50 கேள்வி, உளவியல் தாள் 100 கேள்வி, மூன்று மணி நேரம், தப்பானதுக்கு மதிப்பெண் கழிவதில்லை. ஆகவே ஒரு கேள்வியையும் விடாதீர்கள். ஜேஆர்எஃப் வயது வரம்பு 30 என்று படித்துவிட்டு 'இன்னும் இரண்டு வருஷம்தான்' என்று பதறியிருக்கிறீர்கள். பெண்களுக்கு ஐந்து ஆண்டுத் தளர்வு உண்டு, உங்களுக்கு 35 வரை இருக்கிறது. கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. முழுநேர ஆய்வாளருக்கு மட்டும். மூன்று லட்சம் கொடுத்து வாங்கவிருந்த பட்டத்தைச் சம்பளம் வாங்கிக்கொண்டே படிக்கலாம்.

கைடைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு கேள்வியைத் தயங்காமல் கேளுங்கள். பேராசிரியருக்கு எட்டு, இணைப் பேராசிரியருக்கு ஆறு, உதவிப் பேராசிரியருக்கு நான்கு ஆய்வாளர்கள்தான் உச்சவரம்பு. அவரிடம் இடம் காலியா? ஓய்வு பெற இன்னும் மூன்று ஆண்டுக்குமேல் இருக்கிறதா? அதற்குக் குறைந்தால் அவர் புது ஆய்வாளரை எடுக்கவே கூடாது. இதைக் கேட்காமல் சேர்ந்து, நடுவழியில் கைடு மாறித் தலைப்பும் மாறி, இரண்டு ஆண்டு வீணாவதுதான் அடிக்கடி நடக்கும் விபத்து.

உங்களிடம் ஏற்கெனவே ஒரு நல்ல தலைப்பு இருக்கிறது

கடிதத்தின் நடுவில், வேறு எதையோ சொல்ல வந்து, ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "மூணு மாசம் நல்லா இருந்தவங்க சித்திரைத் திருவிழா முடிஞ்ச வாரம் திரும்பவும் வந்து நிக்கிறாங்க." ஏஜென்சி கொடுத்த தலைப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு இதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

'மாணவர்களிடையே மன அழுத்தமும் சுயமதிப்பும்' என்பதில் கேள்வியே இல்லை. இரண்டு அளவுகோலைக் கொடுத்து ஒரு தொடர்பைக் கணக்கிடுவதோடு முடிந்துவிடும். உங்கள் வரியில் இருப்பது கேள்வி. குடி மீண்டும் தொடங்குவது திருவிழா நாளில் கையில் கிளாஸ் வந்ததாலா, பங்காளிகள் நடுவில் 'வேண்டாம்' என்று சொல்ல முடியாததாலா, முடிந்த பிறகு வரும் வெறுமையாலா? மூன்றுக்கும் சிகிச்சை வேறு வேறு.

இதை அளக்கவும் வழி இருக்கிறது. டைம்லைன் ஃபாலோபேக் என்பது, நாள்காட்டியை முன்னால் வைத்து, திருவிழா, கல்யாணம், சம்பள நாள் போன்ற நினைவுக்குறிகளைப் பிடித்துக்கொண்டு, எந்தெந்த நாளில் எவ்வளவு குடித்தார் என்று நோயாளியோடு உட்கார்ந்து நிரப்பும் முறை. நம் ஊர் நாள்காட்டியில் நினைவுக்குறிகளுக்குப் பஞ்சமே இல்லை. குடியின் தீவிரத்துக்கு உலக சுகாதார நிறுவனத்தின் ஆடிட் அளவுகோல்: பத்துக் கேள்வி, 0 முதல் 40 வரை மதிப்பெண், 8 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனிக்க வேண்டும். தமிழாக்கம் செய்வதாக இருந்தால் ஒருவர் மொழிபெயர்க்க, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் திருப்பி ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்து ஒப்பிட வேண்டும்; பிறகு பத்துப் பதினைந்து நோயாளிகளிடம் கேட்டுப் பார்க்க வேண்டும். 'ஒரு டிரிங்க்' என்பதைக் குவார்ட்டர் கணக்குக்கு மாற்றாமல் கேட்டால் வரும் எண்ணுக்கு அர்த்தமே இருக்காது.

எத்தனை பேர் வேண்டும் என்பதையும் 'நூறு பேர்' என்று வட்டமாகப் போடாதீர்கள். இரண்டு மாறிகளுக்கிடையே 0.3 அளவு தொடர்பை 80 சதவீத வாய்ப்போடு கண்டுபிடிக்க ஏறக்குறைய 85 பேர் போதும். இரண்டு குழுக்களை ஒப்பிட்டு நடுத்தர வித்தியாசத்தைக் காண ஒரு குழுவுக்கு 64 பேர், மொத்தம் 128. ஐந்தில் ஒருவர் பாதியில் காணாமல் போவார் என்று வைத்தால் 160 பேரிலிருந்து தொடங்க வேண்டும். இந்தக் கணக்கு ஒரு பக்கத்தில் இருந்தாலே நேர்முகத்தில் உங்கள் மதிப்பு வேறாகிவிடும்.

ஒரு எச்சரிக்கை. மையத்தின் அனுமதியும் நெறிமுறைக் குழு ஒப்புதலும் வருவதற்கு முன் ஒரு தாளும் நிரப்பாதீர்கள். முன்னால் எடுத்த தகவலைப் பின்னால் சட்டபூர்வமாக்க முடியாது. மனநலச் சட்டத்தின் 23ஆம் பிரிவு நோயாளியின் ரகசியத்தைக் காக்கிறது. விண்ணப்பக் கட்டுரையிலும்கூட "உசிலம்பட்டி பக்கம் டீக்கடை வைத்திருப்பவர்" என்று எழுதினால் பெயர் சொன்னது மாதிரிதான்.

அமெரிக்கக் கணக்கு

அக்கா வீட்டுக்காரர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் கணக்குத் தப்பு. தனியார் சைடி படிப்புகளில் ஆண்டுக் கட்டணம் 40,000 டாலர் என்பது அபூர்வமல்ல. நான்கு ஆண்டுக்கு 1,60,000 டாலர். டாலரை 85 ரூபாய் என்று வைத்தாலும் 1 கோடியே 36 லட்சம். சாப்பாடு, வாடகை, காப்பீடு தனி. அறுபது லட்சம் இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் தீர்ந்துவிடும். அதன்பின் அடகிலிருக்கும் வீட்டின் மேல் இன்னொரு கடன். அந்த வீட்டில் உங்கள் அப்பா அம்மா குடியிருக்கிறார்கள்.

போவதானால் பிஎச்.டி.க்குப் போங்கள். அங்கே கிளினிக்கல் சைக்காலஜி பிஎச்.டி.யே நோயாளிகளைப் பார்க்கும் பயிற்சியும் ஆராய்ச்சியும் சேர்ந்தது. 1949இல் போல்டர் மாநாட்டில் வகுத்த மாதிரி அது. நம் ஊர் பிஎச்.டி.யோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். பெரும்பாலான பல்கலைக்கழக பிஎச்.டி.களில் கட்டண விலக்கும் உதவித்தொகையும் உண்டு. அதனாலேயே போட்டியும் கடுமை. ஐந்து முதல் ஏழு ஆண்டு ஆகும், அதில் ஓராண்டு முழுநேர இன்டர்ன்ஷிப்.

அமெரிக்க உளவியல் சங்கத்தின் (ஏபிஏ) அங்கீகாரம் இல்லாத படிப்பைத் தொடவே வேண்டாம். அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு துறையும் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை ஆண்டில் முடித்தார்கள், எத்தனை பேர் பாதியில் விட்டார்கள், செலவு எவ்வளவு, எத்தனை பேர் உரிமம் பெற்றார்கள் என்ற அட்டவணையைத் தன் இணையப் பக்கத்தில் வெளியிட்டாக வேண்டும். விளம்பரப் படங்களை விட்டுவிட்டு அதைப் படியுங்கள். வெளிநாட்டவருக்கு இன்னொரு தடங்கல், யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை: இன்டர்ன்ஷிப் இடங்களை மிக அதிகமாக வைத்திருப்பது முன்னாள் படைவீரர் மருத்துவமனைகள், அவற்றுக்கு அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். ஆகவே அந்தத் துறையில் முன்பு படித்த வெளிநாட்டு மாணவர்கள் எங்கே இன்டர்ன்ஷிப் செய்தார்கள் என்று கேளுங்கள்.

கடைசித் தேதி பெரும்பாலும் டிசம்பர் 1ஐ ஒட்டி வரும். நேர்முகம் ஜனவரி முதல் மார்ச் வரை. முடிவு சொல்ல ஏப்ரல் 15 வரை அவகாசம். பின்னோக்கி எண்ணினால், மே, ஜூனில் பேராசிரியர்களைத் தேடுவது, ஆகஸ்டில் அவர்களுக்கு மின்னஞ்சல், செப்டம்பருக்குள் டோஃபல், தேவைப்படும் இடங்களுக்கு ஜிஆர்இ. பல துறைகள் ஜிஆர்இயைக் கைவிட்டுவிட்டன. பட்டியலைப் போட்ட பிறகு பணம் கட்டுங்கள். மதிப்பெண் சான்றுகளைப் பல்கலைக்கழகத் தேர்வு அலுவலகத்திலிருந்து நேரடியாக அனுப்ப வைக்க மூன்று மாதம் முன்பே விண்ணப்பியுங்கள். பெரும்பாலும் தாமதம் அங்கேதான்.

அங்கே சேர்ப்பது துறை என்றாலும் கேட்பது ஒரு பேராசிரியர். 'அடுத்த ஆண்டு மாணவர் எடுக்கிறேன்' என்று பக்கத்தில் எழுதியிருப்பவருக்கு மட்டும், அவருடைய ஓர் ஆய்வைப் படித்து, உங்கள் கேள்வியை இரண்டு வரியில் சொல்லி, பத்து வரிக்குள் முடியுங்கள். எஸ்ஓபியில், அதாவது விண்ணப்பக் கட்டுரையில், "சிறு வயது முதலே பிறருக்கு உதவ ஆசை" என்று தொடங்காதீர்கள். திருவிழா வாரத்தில் தொடங்குங்கள்.

பரிந்துரைக் கடிதம் மூன்று. "நீயே எழுதிட்டு வாம்மா, கையெழுத்துப் போடுறேன்" என்று நம் பேராசிரியர்கள் சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். அங்கே பரிந்துரைப்பவரே தன் அலுவலக மின்னஞ்சலிலிருந்து பதிவேற்ற வேண்டும். மூன்று கடிதமும் ஒரே நடையில் இருந்தால் பார்க்கிறவருக்குத் தெரிந்துவிடும். பதிலாக, உங்கள் வேலைகளைத் தேதியோடு ஒரு பக்கத்தில் எழுதி, ஆறு வாரம் முன்பே கொடுங்கள். படித்து முடித்து ஊர் திரும்பினாலும் ஆர்சிஐ உங்கள் வெளிநாட்டுத் தகுதியை ஆய்வு செய்துதான் பதிவு தரும். பயிற்சி நேரங்களைக் கையெழுத்தோடு முதல் நாளிலிருந்தே சேர்த்து வையுங்கள்.

மாத்திரை சாப்பிட்டதைப் பற்றி

தகுதி போகாது. எந்தச் சட்டமும் அப்படிச் சொல்லவில்லை. முன்பு சிகிச்சை பெற்றது மட்டுமே ஒருவரை இப்போது நோயாளி என்று தீர்மானிக்கக் காரணமாகாது என்று 2017 சட்டத்தின் 3ஆம் பிரிவு சொல்கிறது. சொல்லியாக வேண்டிய கடமையும் உங்களுக்கு இல்லை.

ஆனாலும் விண்ணப்பக் கட்டுரையில் எழுத வேண்டாம் என்பதே என் கருத்து. வெட்கப்பட வேண்டிய விஷயம் என்பதால் இல்லை. தேர்வுக் குழு அந்தப் பக்கத்தில் தேடுவது நீங்கள் எப்படி யோசிக்கிறீர்கள் என்பதை. சொந்த நோய்க் கதை வந்ததும் வாசிப்பவரின் கவனம் ஆராய்ச்சியிலிருந்து உங்கள் நிலைக்குத் தாவிவிடும். நியாயமில்லைதான், ஆனால் நடப்பது அது. மதிப்பெண் ஒரு ஆண்டு மட்டும் சரிந்திருந்தால், "அந்த ஆண்டு உடல்நலக் காரணம், அடுத்த ஆண்டு முதல் சரியானது" என்று ஒரு வாக்கியம் போதும். நேர்முகத்தில் கேட்டால் பொய் சொல்லாதீர்கள். சிகிச்சை எடுத்தேன், முடித்தேன், இப்போது இந்த வேலையை நான்கு ஆண்டாகச் செய்கிறேன் என்று சொல்லி நிறுத்துங்கள். விண்ணப்பக் காலம் தூக்கத்தையும் நம்பிக்கையையும் தின்னும். பழைய அறிகுறிகள் தலைகாட்டினால் முன்பு பார்த்த மருத்துவரிடம் போங்கள். நள்ளிரவில் பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416.

கல்யாணம்

பெண் பார்க்க வருகிறவர்களிடம் 'மேல படிக்கப் போறா' என்று பொதுவாகச் சொல்லாமல், ஆண்டுக் கணக்கைச் சொல்லச் சொல்லுங்கள்: வெளியூரில் இரண்டு ஆண்டு முழுநேரப் பயிற்சி, பிறகு மூன்று முதல் ஆறு ஆண்டு ஆய்வு. கேட்டுவிட்டு எழுந்து போகிறவர்கள் அப்போதே போகட்டும். பயிற்சிக் காலத்தில் இடம் மாற்றிக்கொள்ள ஏறக்குறைய வழியே இல்லை. அந்த இரண்டு ஆண்டுக்கு முன்னாலோ பின்னாலோ கல்யாணத்தை வைப்பது நல்லது.

பிஎச்.டி.யில் அப்படி இல்லை. பேறுகால, குழந்தைப் பராமரிப்பு விடுப்பாக மொத்தம் 240 நாள் வரை கிடைக்கும். திருமணத்தாலோ வேறு காரணத்தாலோ பெண் ஆய்வாளர் ஊர் மாறினால், ஆய்வுத் தகவல்களைப் புதிய பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோகவும் 2022 விதிமுறை இடம் தருகிறது. வெளி நிதி நிறுவனத்தின் திட்டத்தில் எடுத்த தகவலாக இருந்தால் மட்டும் முடியாது. இந்த உரிமையைப் பயன்படுத்த வேண்டி வந்தால், புது ஊரில் ஒரு கைடு எழுத்தில் சம்மதித்த பிறகே பழைய இடத்தில் மாறுதலுக்கு எழுதிக் கொடுங்கள். இடைவெளி விழுந்தால் அந்த மாதங்களும் உங்கள் ஆறு ஆண்டுக் கணக்கில்தான் ஓடும்.